யூரோப்பாவும் என் குதிகாலும்

மலைமேல் இருக்கும் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புக்குக் காட்டுவதற்காக ஒரு நாள் யூரோப்பாவின் படங்களை இறக்கி வைத்திருந்தேன். வியாழனைச் சுற்றும் நிலவுகளில் ஒன்று அது. மேலே முழுக்கப் பனிக்கட்டி. விண்கலம் எடுத்த படத்தில், வெளுத்த தரையெங்கும் பழுப்புச் சிவப்பாக வெடிப்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

பார்த்ததும் அக்கா ஞாபகம் வந்தது. ஒடுகத்தூரில் இருக்கும் அவள், விடிந்தால் போதும், குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு கைவைத்தியம் போட்டுவிடுவாள். நான் படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டியெடுத்து, 'என் குதிகால் இப்படி ஆயிடுச்சு' என்று எழுதி அனுப்பினேன்.

செருப்பில்லாமல் நடக்காதே என்றார் மாமா. தம்பி தோல் டாக்டரின் நம்பரை அனுப்பினான். அக்காவிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பகல் பஸ்ஸில் அக்காவே வந்து இறங்கினாள். பையில் விளக்கெண்ணெய், மஞ்சள்தூள், மெழுகுவத்தி. தண்ணீர்கூடக் குடிக்காமல் என் காலைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னாடி, கால் நல்லாத்தானே கீது?"

வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் திறந்து முழு நிலவையும் காட்டினேன். அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதனால் இப்படி வெடித்தது என்று கேட்டாள். பனிக்கு அடியில் பெரிய கடல் இருக்கிறதாம், வியாழன் இழுத்து இழுத்து விடுவதில் மேல் ஓடு நெளிந்து விரிசல் விடுகிறதாம் என்றேன். ஓரிடத்தில் பனி பாளம் பாளமாக உடைந்து, நகர்ந்து, மறுபடி உறைந்திருந்ததையும் காட்டினேன்.

அவள் ஒரு விரிசல்மேல் விரலை வைத்தாள். "ரெண்டு பக்கமும் கரை கட்னாப்ல கீதே, அது இன்னாத்துக்கு?"

பல விளக்கங்கள் சொல்கிறார்கள், எதுவும் இன்னும் முடிவாகவில்லை என்று ஒப்புக்கொண்டேன். டீச்சருக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

பிறகு அடுப்படிக்குப் போய், எண்ணெயில் மெழுகை உருக்கி மஞ்சளைக் கலந்தாள். கொண்டுவந்ததை வீணாக்கக் கூடாதாம். சூடு ஆறியதும் என் இரண்டு கால்களிலும் கணுக்கால்வரை அப்பி, தான் ஊர் திரும்பும் சாயங்கால பஸ் வரும்வரை தரையில் கால் வைக்காதே என்றாள். அதைப் படம் பிடித்துக் குழுவிலும் போட்டாள்: 'கொஞ்சம் முத்திப்போச்சு. எல்லாரும் நேர்ல ஒருவாட்டி பாத்துட்டு வாங்க.'

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் தம்பியும் குடும்பத்தோடு வந்தார்கள். மஞ்சள் போகாத காலோடு நின்று ஒன்பது பேருக்குச் சமைத்தேன். அக்கா வரவில்லை.