வியாழக்கிழமை க்ளிக்குகள்

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். தினமும் விழுப்புரத்திலிருந்து போய் வருவேன். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஊர் சொன்னதுபோல் சும்மா ஒன்றும் உட்காரவில்லை. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக ஓர் இணையதளம் வைத்திருந்தேன். மாதிரி வினாத்தாள், விடை, பொது அறிவுக் குறிப்பு எல்லாம் இலவசம். பக்கத்தில் வரும் விளம்பரத்தை யாராவது தொட்டால் விளம்பரக் கம்பெனி எனக்குக் காசு தரும்.

இதை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

"படிக்க வர்றவன் எதுக்குடா விளம்பரத்தைத் தொடப்போறான்?" என்று கேட்டார்.

"நூறு பேரு வந்தா ஒருத்தன் ரெண்டு பேரு தொடுவாம்ப்பா."

"ஆறு மாசம் பாரு. சரிப்படலன்னா பேசாம திண்டிவனத்துக்கே போய்க்கினு வந்துக்கினு இரு."

அந்த மாசங்களில் நான் நிம்மதியாக இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. நூறு பேருக்கு எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கு மணிக்கு மணி மாறும். தொட்டதற்குக் கிடைக்கும் காசும் மாறும். ஒரே ஒரு க்ளிக் நேற்று மதியச் சாப்பாட்டுக்கு ஆகியிருக்கும், இன்று அதே க்ளிக்கில் டீ குடிக்க முடியாது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. தேர்வு அறிவிப்பு வந்தால் கூட்டம் அள்ளும். தேர்வு முடிந்த மறுநாள் என் தளம் தேர் போன தெரு மாதிரி கிடக்கும். பெரியப்பா மகள் கல்யாணத்துக்குக் கோலியனூர் போயிருந்தேன். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. போனில் அந்த க்ளிக் விகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் திட்டினார்கள், அவர்கள் மேலேயே எரிந்து விழுந்தேன். அப்படி ஒரு குணம் எனக்கு.

மூன்றாம் மாசம் விகிதம் தரையைத் தொட்டது. அம்மா வந்து, "ஏம்ப்பா இப்படி பேஜாரா இருக்கே?" என்றாள்.

"யாரும் தொட மாட்டேங்கிறாங்கம்மா!" என்று கத்தினேன். அவள் எதையோ உடைத்துவிட்ட மாதிரி கத்தினேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் விகிதம் சரசரவென்று ஏறியது. முதல் வாரம் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மறு வியாழனும் ஏறியது. அதற்கு மறு வியாழனும் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே கிடந்த விளம்பரப் பெட்டியை வினாவுக்கும் விடைக்கும் நடுவில் நகர்த்தி வைத்திருந்தேன். அதுதான் காரணம் என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வியாழன் சிறப்புத் தேர்வு என்று ஒன்று ஆரம்பித்தேன். புதன் முழுக்க அதற்கான வினாக்களைத் தயார் செய்வேன். வார நடுவில் படிக்கிறவர்களின் மனநிலை எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பா முதல்முறையாக, "பொழைச்சிக்குவே போல" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை மாசமும் தவித்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஐந்தாம் மாசம் ஒரு திங்கட்கிழமை காலை மெயில் வந்தது. விளம்பரம் பார்க்கும் எண்ணமே இல்லாதவர்கள் வேண்டுமென்றே க்ளிக் செய்திருக்கிறார்கள், அதனால் கணக்கை மூடுகிறோம், சேர்ந்த பணம் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும் என்று நாலே வரி. முறையிட ஒரு படிவம் இருந்தது. யார் செய்திருக்கக்கூடும் என்று அதில் ஒரு கேள்வி. "என் வளர்ச்சி பிடிக்காத யாரோ திட்டம் போட்டு என்னைக் கெடுத்திருக்கிறார்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். அப்படித்தான் நம்பினேன். புதன்கிழமை, முடியாது என்று பதில் வந்தது. கலெக்டர் ஆபீசிலாவது மனு கொடுக்கத் திங்கட்கிழமை என்று ஒன்று இருக்கிறது. இவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வியாழன். எங்கள் மாதா கோயில் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் பதினைந்து இருபது சேர்ந்தால் ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வார்கள். யாருக்காவது கஷ்டம் என்றால் ஜெபத்தோடு விட்டுவிட மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவார்கள், கல்யாண வீட்டில் காய் நறுக்குவார்கள். அங்கே போயிருந்த அம்மா பாதியிலேயே வேகமாகத் திரும்பி வந்தாள்.

"ஏம்ப்பா, இன்னைக்கு உன்னுதுல விளம்பரமே காணோமே?"

"நீ எங்கம்மா பார்த்தே?"

"நம்ம அன்பியத்து டீச்சரம்மா போன்லதான். யாரும் தொடமாட்டேங்கிறாங்கன்னு அன்னைக்கு அழாத குறையா சொன்னே இல்ல? அதை அன்பியத்துல சொன்னேன். ஜெபம் முடிஞ்சதும் எல்லாரும் போனை எடுத்து, வர்ற விளம்பரத்தையெல்லாம் தொடுவோம். போன் இல்லாதவங்க டீச்சரம்மா போன்ல தொடுவாங்க. ஒரு வாரம் விடல. முட்டிவலி பெரியம்மா கூட பத்து வாட்டி தொடுது."

கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எங்க தொடணும்னு ஜல்தி சொல்லுப்பா," என்றாள் அம்மா. "உனக்காக எல்லாரும் போனைப் பிடிச்சிக்கினு உட்கார்ந்திருக்காங்க."

கையிலிருந்த போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"இனிமே தொட வேணாம்மா. திண்டிவனத்துல திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. போறேன்னு சொல்லிட்டேன்."

"நெசமாவா?" என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அந்த வேலைக்கும் சேர்த்துதாம்ப்பா ஜெபம் பண்ணோம்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்தவர்களிடம் சேதி சொல்லப் போனாள்.

அவள் தெரு திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் திண்டிவனத்துக்குப் போன் போட்டு, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன்.