தினமும் பதினொரு மணிக்கு விழுந்த ரிலே

2002 வாக்கில், இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஒரு வாரமாகத் தினமும் காலை பதினொரு மணிக்கு தகடு அடிக்கும் மெஷின் வரிசையான எங்கள் பிரஸ் லைன் நின்றுபோனது. மெயின் சுவிட்சுகள் இருக்கும் பேனல் ரூமுக்கு ஓடிப் பார்த்தால் எர்த் லீக்கேஜ் ரிலே விழுந்து கரண்ட் கட்டாகியிருக்கும்.

மெஷினுக்குப் போகிற கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அந்த ரிலே பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் எங்கேயோ வழி தப்பி மண்ணுக்குள் போகிறது என்று புரிந்துகொண்டு, உடனே சப்ளையைத் துண்டிக்க வைக்கும். நானும் கேபிள்களையெல்லாம் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

அப்போதுதான் தரை துடைக்கும் அம்மா மேல் சந்தேகம் வந்தது. சேரப்பணஞ்சேரியிலிருந்து வருபவர், கான்ட்ராக்ட் ஆள். லைன் நிற்கும்போதெல்லாம் கடைசி மெஷினுக்கு அடுத்திருந்த பேனல் ரூம் பக்கம்தான் பக்கெட்டோடு நிற்பார். ஆபரேட்டர்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று ரிலேயை வேண்டுமென்றே விழ வைக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறாரோ? பட்டன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி வைத்தேன். மறுநாளும் ரிலே விழுந்தது. காகிதம் ஒட்டியபடியே இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி ஒட்டியிருப்பார் என்று நினைத்தேன். சந்தேகம் வந்துவிட்டால் புத்தி அப்படித்தான் போகிறது.

நேரடியாகவே கேட்டேன்.

"நான் இன்னா சார் பண்ணேன்? அந்த ரூமுக்குள்ளயே நான் போறதில்ல. கடைசி மெஷினாண்ட கால வெச்சா சுர்ருங்குது. சூப்பர்வைசராண்ட ரெண்டு வாட்டி சொன்னேன், யாரும் கேக்கல."

பேச்சை மாற்றுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. லைன் நிற்கக் கூடாது என்று மேனேஜர் வேறு நெருக்கினார். ஒருவேளை ரிலேயே சும்மா விழுகிறதோ என்றும் நினைத்து, யாரிடமும் சொல்லாமல், கசிவு அதிகமானால்தான், அதுவும் ஒரு நொடி தாமதித்துத்தான் விழும்படி அதன் செட்டிங்கை உயர்த்தி வைத்தேன்.

மறுநாள் அந்த அம்மாவைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் பேனல் ரூம் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி மெஷின் அடியில் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். திடீரென்று அலறி, மெஷின் காலைப் பிடித்தபடியே சரிந்தார். அதற்குப் பிறகுதான் ரிலே விழுந்தது.

நல்லவேளை, உயிர் பிழைத்தார். உள்ளங்கையில் தீக்காயம்.

தரையைத் திறந்து பார்த்தோம். ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஏறி நசுங்கிய குழாய்க்குள் கேபிளின் தோல் உரிந்து கிடந்தது. கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய மெஷினின் எர்த் கம்பியும் அறுந்திருந்தது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது; தினமும் பதினொரு மணிக்கு அந்த அம்மா துடைக்கும் தண்ணீர் இறங்கினால்தான் கரண்ட் கசியும். நான் சோதித்ததெல்லாம் காய்ந்த தரையில்.

கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் போய், செட்டிங்கை மாற்றியதையும் சந்தேகப்பட்டதையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை.

"மொதல்ல அத்த சரி பண்ணு சார். அப்பறமா என்னாண்ட பேசு."

அன்றே சரி செய்தோம். மேனேஜரிடமும் என் தப்பை ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அந்த அம்மா தரையில் துடித்த அந்த ஒரு நொடியை நீட்டியது என் கைதான் என்ற நினைப்பு இத்தனை வருடம் ஆகியும் என்னை விட்டுப் போகவில்லை.