ஓடைக்கு நடுவில் அப்பா கேட்ட பாடம்

ஈரத் துண்டு, பீடி, அப்போதுதான் பிடுங்கிய மல்லாட்டைச் செடியின் மண்... இந்த மூன்றும் கலந்த வாசனைதான் எனக்கு ஏழாம் வகுப்பு. இன்று காலை விழுப்புரத்தில் மழைக்கு ஒதுங்கி பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் ஒருவர் துண்டை உதறினார். அவ்வளவுதான், ஓடைக்கரைக்கே போய்விட்டேன்.

எங்கள் ஊர் மயிலம் பக்கம். கடல் எங்கேயோ இருக்கிறது. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் நாங்கள் தீவுவாசிகள். ஒரு பக்கம் ஏரி. அது நிரம்பி வழிந்து கோடி போனால் மிச்சப் பக்கமெல்லாம் ஓடை. பள்ளிக்கூடம் அக்கரையில்.

பெரியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர், எங்களுக்குக் கழுத்தளவு. வடியும் வரை லீவு. லீவு என்றால் விளையாட்டு இல்லை... செடியிலிருந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஆய்வது, மாடு பார்ப்பது. அப்படி நின்றவர்களில் பல பேர் பிறகு பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. முக்கியமாகப் பெண் பிள்ளைகள்.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தார். எட்டாவது வரை எல்லாப் பிள்ளையும் படித்தே ஆக வேண்டும், அது சட்டம் என்றார். ஊர் கூடித் தானும் ஒரு கட்டுப்பாடு போட்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி அக்கரை சேர்ப்பது வீட்டுக்கு வீடு முறை. ஆனால் காய்ச்சல், வலி இல்லாமல் யாராவது பிள்ளையை நிறுத்தினால், தண்ணீர் வடியும் வரை அந்த வீட்டு ஆம்பளையே எல்லோரையும் தூக்க வேண்டும். இதற்கு முதலில் கை தூக்கியவர் எங்கப்பா.

அதே வாரம் என்னை நிறுத்தியவரும் அவர்தான்! பிடுங்கிப் போட்ட மல்லாட்டை மழையில் கிடந்தது. விட்டால் முளைத்துவிடும், ஆய ஆள் கிடைக்கவில்லை.

ஊரில் போய்ச் சொன்னது யார் தெரியுமா? எங்கம்மா. அப்பா முறைத்தார். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"கை தூக்கினது நீங்கதானே. இப்ப தோளையும் குடுங்க."

முதல் சில நாள் அப்பா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தூக்குவார், இறக்குவார், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் தோளில் இருந்த பொடியன் அன்றைய பாடத்தை ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டே வந்தான்... நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு.

அப்பா நட்டநடு ஓடையில் நின்றுவிட்டார்.

"இதுக்கு ஒரு புக்காடா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே."

அன்றிலிருந்து சாயங்காலம் திரும்பும்போது, வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று சொன்னால்தான் இறக்குவார். தண்ணீர் ஆவியாகி மேகமாவதைக் கேட்டுவிட்டு, இந்தப் பேஜாருக்கெல்லாம் கடல்தான் காரணமா என்று அதைத் திட்டினார். வரலாறு என்றால் உயிர். ராஜா சண்டைக்குக் கிளம்பியதோடு மணி அடித்துவிட்டது என்று சொன்னால், மீதியை நாளைக்குக் கேட்டுக்கொண்டு வரச் சொல்வார்.

கடைசியாகத்தான் என் முறை. நான் வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொல்வேன். சொல்லி முடித்தால் இறங்க வேண்டுமே.

தண்ணீர் வடிந்தது, தண்டனையும் முடிந்தது. அடுத்த வருஷ மழையில் முறை இல்லாத நாளிலும் அப்பா ஓடையில் நின்றார்.

எட்டாவது முடிந்தது. சட்டமும் ஊர்க் கட்டுப்பாடும் அதோடு சரி. ஒன்பதாவதுக்குத் திண்டிவனம் போக வேண்டும். பெரியப்பா வந்து, வயசுக்கு வந்த பிள்ளை, படித்தது போதும் என்றார். அண்ணன் பேச்சை அப்பா தட்டி நான் பார்த்ததே இல்லை. நான் அடுப்பங்கரைக் கதவோரம் காதை வைத்தேன். அப்பா கேட்டார்:

"இவள நிறுத்திட்டா, மிச்சப் பாடத்த எனக்கு யாருண்ணா வந்து சொல்றது?"

ஜூன் மாதம் நான் திண்டிவனம் பஸ்ஸில் இருந்தேன்.

இப்போது ஓடையில் பாலம் இருக்கிறது. ஸ்கூல் வேன் வாசலுக்கே வருகிறது, ஒரு பிள்ளையின் காலும் நனைவதில்லை. நல்லதுதான். அந்த ஓடை திரும்ப வேண்டும் என்று சத்தியமாகக் கேட்க மாட்டேன். நான் இன்று ஒரு லேபில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் ஹெட்மாஸ்டரின் சட்டம், ஊரின் கட்டுப்பாடு, அம்மா மூட்டிய கோள்... எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு.

அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் வந்து தங்கினால், என் மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் அவர் மடியில் ஏறிவிடுவாள். "இன்னிக்கு இன்னா பாடம்?" என்பார். இவள் உதட்டைப் பிதுக்குவாள். போன வாரம் நான் அதட்டினேன்... தாத்தாவுக்குக் கால் வலிக்கும், ஜல்தியாகச் சொல்லிவிட்டு இறங்கு என்று.

"சொன்னா இறக்கி வுட்டுடுவாரும்மா."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது... தெரிந்தேதான் தண்ணீரில் நின்றிருக்கிறார்.