செரிக்கத் தொடங்கிய பிறகு

ஆடி மாத நடுவில், இரண்டு வகுப்புகளுக்கு இடையில் செல்போன் அடித்தது. பாண்டியன் சாரின் மைத்துனர். "அத்தான் தவறிட்டாக மேடம். நெஞ்சுல சளி கட்டி காய்ச்சல். தாங்கல." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வகுப்பையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் அவர் ஊரான மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினேன். அழவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

விருதுநகர்ப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் அவரும் நானும் பல வருடம் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். அவரிடம் படித்த உங்களுக்கு அவர் வேலை நினைவிருக்கும். எண்ணெயில் கரைத்த மருந்து குடலில் என்ன ஆகிறது என்பதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தார். உடல் சூட்டில் ஒரு குடுவை. அதற்குள் பித்த உப்பு, கணைய நொதி, மருந்து. எண்ணெய் செரிக்கச் செரிக்க அமிலம் கிளம்பும். அதைச் சமன் செய்யக் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தானாக விடும் கருவி வாங்கக் கல்லூரிக்கு மனம் வரவில்லை. அவர் அமில அளவு காட்டும் மீட்டரைப் பார்த்து "விடுங்க", "போதும்" என்பார். நான் காரம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை, பியூரெட்டை, திருகுவேன். நடுவில் கரண்ட் போனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அவருக்கு அலுப்பு வந்து பார்த்ததில்லை. எனக்கு வரும், வாய்விட்டுச் சொல்லவும் செய்வேன்.

மாணவர்கள் பளபளவென்று தெளிந்த எண்ணெய்க் கலவையைச் செய்து, பரிசு வாங்கப் போகிறவர்கள் மாதிரி கொண்டு வந்து நிற்பார்கள். "குடுவையில தெளிவா இருக்குன்னு நம்பிறாதீக. செரிக்க ஆரம்பிச்ச பெறகு பாருங்க" என்பார். எண்ணெய் செரித்துக் கரைந்ததும் மருந்துக்குப் பிடிமானம் இருக்காது. பித்தம் தாங்கிக்கொண்டால் உடம்பில் சேரும். இல்லையென்றால் வெள்ளைப் பொடியாக அடியில் படிந்துவிடும். பாதிப் பேருடைய கலவை அப்படித்தான் படிந்தது.

அவருக்குச் சிறுநீரகம் மாற்றியது உங்களில் பலருக்குத் தெரியாது. கொடுத்தவர் அவர் மனைவி முத்துலட்சுமி. புதுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க அவர் தினமும் விழுங்கியது, எண்ணெயில் கரைத்த ஒரு மருந்தை. அறுவை நல்லபடி முடிந்தால் வருடந்தோறும் ஆடி முழுக்க இருவரும் தாளிப்பில்லாத கம்மங்கூழ் மட்டும் குடித்து, கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருவதாக முத்துலட்சுமி நேர்ந்திருந்தார். மருத்துவர் கூடாது என்றார். "டாக்டருக எல்லாத்துக்கும் கூடாதுன்னுதான் சொல்லுவாக" என்று முத்துலட்சுமி ஒதுக்கிவிட்டார். தன் உறுப்பையே அறுத்துக் கொடுத்தவரிடம் எதைச் சொல்லி மறுப்பது? சார் என்னிடம் வந்து, "ஞாயித்துக்கிழமை பியூரெட்டைப் பிடிப்பீகளா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு முத்துலட்சுமியையும் சார் அழைத்து வந்தார். ஒரு குடுவையில் பித்த உப்பை நிறையப் போட்டார், எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்ட வயிற்றுக்குச் சுரப்பதுபோல. இன்னொன்றில் கொஞ்சம், விரத வயிறுபோல. இரண்டிலும் சார் விழுங்கும் அதே மருந்து. வேலை முடியும்வரை முத்துலட்சுமி ஸ்டூலை விட்டு எழவில்லை. பிறகு இரண்டிலிருந்தும் குழாய்களில் ஊற்றி, கருவியில் சுழற்றி எடுத்து, அவற்றைச் சார் வெளிச்சத்தில் காட்டினார். விரதக் குழாயின் அடியில் வெள்ளை கெட்டியாகப் படிந்திருந்தது.

"அடியில கெடக்குறது ஒடம்புல சேராதா?"

"சேராது. அப்படியே வெளிய போயிரும்."

"அப்ப நான் குடுத்தது?"

சார் குழாயை அவரிடம் நீட்டினார். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. முத்துலட்சுமி குழாயை வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"சரி, ஒங்க வெரதத்தையும் நானே இருந்துக்கிறேன்" என்றார். "நீங்க நல்லாச் சாப்பிடுங்க."

அந்த வருடம் தன் பங்காக ஆடியையும், சார் பங்காக ஆவணியையும் விரதம் இருந்தார். பிறகு வருடம் தவறாமல் அப்படித்தான். இந்த இரண்டு மாதமும் சாரின் மதியச் சாப்பாட்டில் நல்லெண்ணெய் மிதக்கும். "கூழக் குடிச்சுக்கிட்டு எனக்குத் தாளிச்சுக் குடுக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். அவர் உண்மையிலேயே கலங்கி நான் பார்த்தது அந்தச் சாப்பாட்டு வேளைகளில்தான்.

துக்க வீட்டுக்குச் சிவகாசியில் குடும்பத் தொழிலுக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் தீபாவளி சீசன் வேலையை விட்டுவிட்டு, பட்டாசுக் கம்பெனி லோடு வேனில் வந்திருந்தார்கள். முத்துலட்சுமி மெலிந்து போயிருந்தார். என் கையைப் பிடித்து, "நான் குடுத்தது கடேசி வரைக்கும் ஓடுச்சு மேடம். டாக்டரே சொன்னாரு" என்றார்.

"இனி விரதத்தை விட்டுருங்க" என்றேன்.

"எம் பங்கு இந்த மாசத்தோட முடிஞ்சிரும். அவுக பங்கு பாக்கி இருக்குல்ல. ஆவணியும் இருக்கணும்."

ஒற்றைச் சிறுநீரகம், ஒட்டிய வயிறு. அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. "அதை நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க சாமி கும்பிட மாட்டீகளே மேடம்."

"பசி தாங்குவேன்."

அவர் சரியென்று தலையாட்டினார்.

இன்று ஆவணி பிறந்துவிட்டது. ஆய்வகத்தில் சாரின் நாற்காலி காலியாக இருக்கிறது. மீட்டரைப் பார்க்க ஆளில்லாமல் பியூரெட் சும்மா நிற்கிறது. அவருடைய புத்தகங்களை நூலகம் எடுத்துக்கொண்டது. நான் வைத்துக்கொண்டது அவர் பங்கு விரதத்தை. மதியம் தூக்குவாளியைத் திறந்து, தாளிக்காத கூழைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.