உடும்பு என்று சொன்னேன்

முதலைக்குட்டி என்று தெரிந்தும் அதை உடும்பு என்று ஊரார் முன்னால் பொய் சொன்னேன். முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஏரியை ஒட்டி ஒரு தொழிற்சாலையை விரிவாக்க இருந்தார்கள். அங்குள்ள உயிரினங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை, ஓய்வுபெற்றிருந்த எனக்கு வந்தது. மே மாத வெயில். கரையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தேன். கோரை மண்டிய மறுபக்கத்துக்குப் போகவே இல்லை. முதலை இனம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து வந்தார். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுபவர். லீவு நாளில் அந்த ஏரியில் கையால் தடவி மீன் பிடிப்பவர். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க சார், குட்டி முதல. கோரைக்குள்ள பத்து கெடக்குது. மண்ணு கொட்டினா அத்தினியும் செத்துப்பூடும்."

படம் தெளிவாக இருந்தது. அகன்ற மூஞ்சி. தலைக்குப் பின்னால் வரிசையாக நான்கு தடித்த செதில்கள். உவர்நீர் முதலைக்கு அந்த வரிசை பெரும்பாலும் இருக்காது. சதுப்புநில முதலைக்கு இருக்கும். வகுப்பில் நானே கரும்பலகையில் வரைந்து காட்டியதுதான். ஆனால் அதைச் சொன்னால், மறுபக்கம் போகாததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மைக்கில், "இது உடும்புக் குஞ்சும்மா" என்றேன்.

"ஏன் சார், உடும்பு கண்ண மட்டும் மேல வச்சிக்கினு நாள் பூரா தண்ணில கெடக்குமா?"

"யக்கா, அடுத்த வாட்டி டைனோசர் புடிச்சிக்கினு வா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கோரைப் பக்கம் மண் விழுந்தது. அடுத்த மழைக்காலத்தில், எளாவூர் அருகே நெடுஞ்சாலையில் பெரிய பெண் முதலை ஒன்று லாரியில் அடிபட்டுக் கிடந்ததாகக் கேள்விப்பட்டேன். அது அந்தக் குட்டிகளின் தாயா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

சில வருடம் கழித்துத்தான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அன்னிக்கு மைக்ல சொன்னீங்க இல்ல? இதையும் மைக்லயே சொல்லுங்க."

கிராம சபையில் சொன்னேன். அந்த அம்மா காட்டியது முதலைக்குட்டி, பொய் சொன்னவன் நான் என்றேன். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

வனத்துறைக்கும் எழுதினேன். இரண்டு பேர் வந்து, மிச்சமிருந்த தண்ணீரைச் சுற்றிப் பார்த்தார்கள். படம் கேட்டார்கள். அந்தப் போன் எப்போதோ உடைந்துபோயிருந்தது. முதலைகள் வாழ்ந்ததற்கான தடயம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கோரை இருந்த இடத்தில் இப்போது தார்ச்சாலை. அந்த அம்மாவின் கம்பெனி பஸ் தினமும் அதன் மேல்தான் போகிறது.