தள்ளி நிண்டு பாருங்கோ

போன கிழமை அக்காவோடு வவுனியாவுக்குப் போய்வந்தேன். சண்டை நின்று பாதை திறந்த பிறகு சனம் அங்கே போவது சாமான் வாங்கத்தான். அக்கா போனதோ, அத்தானின் முகத்தைப் பெரிதாக்க!

அத்தான்... இடம்பெயர்ந்த நேரம், விட்டுவந்த மாட்டைப் பார்த்து வாறன் என்று சைக்கிளில் திரும்பிப் போனவர். மாடு தானாகவே வந்து சேர்ந்தது. அவர் வரவில்லை. அக்கா பொட்டை அழிக்கவும் இல்லை.

மிஞ்சியது ஒரே ஒரு படம். கோயில் திருவிழாவில் ஊர்ச்சனத்தோடு எடுத்தது. கூட்டத்தின் கடைசியில், உளுந்தளவில் அவர் முகம்.

ஸ்டூடியோப் பெடியன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெருப்பித்தான். வந்தது முகமா? கட்டம் கட்டமாக ஏதோ ஒன்று!

"இதென்ன தம்பி, என்ர மனுசனைக் கேட்டா பின்னின பன்பாயைக் காட்டுறீர்?"

"தள்ளி நிண்டு பாருங்கோ அம்மா. இன்னும்... வாசலுக்குப் போங்கோ."

அக்கா வாசற்படியில் போய் நின்று கண்ணைச் சுருக்கினார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓம்... அவர்தான். அந்த ஒரு பக்கச் சிரிப்பு."

பத்திரிகையில் ஆளை மறைக்க முகத்தில் கட்டம் போடுகிறார்கள். அத்தானும் அதற்குள்தான் ஒளித்திருந்தாரோ?

"கட்டத்தை மழுப்பி விடட்டோ? வடிவா வரும். கண், மூக்கை மட்டும் நான் கொஞ்சம் கையால கீறவேணும்."

"அப்ப அது நீர் கீறின ஆள். எனக்கு இவரே போதும்."

நல்ல பிள்ளை அவன். குறை வைக்கக்கூடாது என்று நினைத்தானாக்கும் — மெல்லக் கேட்டான்.

"மாலையும் விளக்கும் வைச்சு விடட்டோ அம்மா? எல்லாரும் கேக்கிறவை."

எனக்கு 'முருகா' என்றுதான் வாயில் வந்தது. அக்கா நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"மாலை, அவர் வந்தாப்பிறகு நான் போடுறன் தம்பி."

அவன் படத்தைக் கட்டத்தோடு அப்படியே அச்சடித்துத் தந்தான்.

எங்கள் வீட்டில், செத்தவர்களின் படங்களோடு அதை மாட்ட அக்கா விடவில்லை. எதிர்ச்சுவரில் தனியாகத் தொங்குகிறது. குசினி வாசலில் நின்றால் அத்தான் சிரிக்கிறார். கிட்டப் போனால் வெறும் கட்டம். அக்கா கிட்டப் போவதேயில்லை. தேத்தண்ணீர் குடிப்பதுகூட அந்த வாசலில் நின்றபடிதான்.

பின்னேரம் விளக்கேற்றும்போது நான் கேட்பதும் இப்போது அவ்வளவுதான்.

முருகா, அத்தான் தள்ளியாவது இருக்கட்டும்... எங்கேயாவது தள்ளி.