அட்டை அக்கா நழுவல்

அட்டை அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது சட்டை மடிக்கும் வேலையால். ஆயத்த ஆடை ஆலையில் இஸ்திரி போட்ட சட்டை அவர் மேசைக்கு வரும். கைகளைப் பின்னால் மடித்து, உள்ளே ஓர் அட்டையைச் செருகி, அடி விளிம்பை மேசையில் ஒரு தட்டுத் தட்டி உறைக்குள் தள்ளுவார். அட்டை எப்போது உள்ளே போனது என்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

வித்தைப் புத்தகம் எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டில் நாத்தனாரோடு சீட்டாடுவார், தோற்பார். ஒரு நாள் ஒரு சீட்டைக் கட்டின் மேல் வைக்கப் போனபோது, கை பழக்கதோஷத்தில் அதை மேல் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டது. நாத்தனார் மேல் சீட்டை எடுத்தார். வேறு சீட்டு.

"அண்ணி, இன்னொரு தடவ வைங்க."

வைத்தார். மறுபடியும் வேறு சீட்டு.

"இன்னொரு தடவ. மெதுவா."

அன்று இரண்டு பேரின் சாப்பாடும் ஆறிப்போனது. மறுவாரமே நாத்தனார் அவரை எங்கள் மாயவித்தைச் சங்கத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார். ஆண்டு விழாவில் அக்கா மேடையேறுவார் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

விழாவுக்கு முந்தைய வாரம், ஒத்திகையில், அக்கா செய்து முடித்ததும் எங்கள் செயலாளர் எழுந்தார். "அம்மா, இது என்னோட நழுவல் வித்தை. சங்கத்து இதழ்லயே வந்திருக்கு."

வந்திருந்தது உண்மை. அக்கா சேர்வதற்கு முன்பே, 'செயலாளர் நழுவல்' என்ற தலைப்பில், செய்முறை விளக்கம் இல்லாமல், வித்தையின் வர்ணனை மட்டும். எங்கள் விதிப்படி ஒருவர் கண்டுபிடித்ததை அவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் மேடையில் செய்யக் கூடாது. செயலாளர் சம்மதிக்கவில்லை. அக்காவிடம் இருந்ததோ இந்த ஒரு வித்தைதான்.

சனிக்கிழமை விசாரணை நடந்தது. சங்கத் தலைவர் பல் டாக்டர். அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறைதான் இடம். பத்துப் பேர் இருந்ததாக இப்போது சொல்கிறார்கள். தலைவர், செயலாளர், அக்கா, வேன் ஓட்டும் அவர் கணவர், குறிப்பெழுத நான். ஐந்தே பேர்.

முதலில் அக்கா. டாக்டர் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அக்கா அதைக் கட்டின் மேல் வைத்தார், ஒரு தட்டுத் தட்டினார், மேல் சீட்டை எடுத்து நீட்டினார். வேறு சீட்டு. அடுத்து செயலாளர். வைத்தார், தட்டினார், எடுத்து நீட்டினார். வேறு சீட்டு. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"பாருங்க, அந்தத் தட்டு முதக்கொண்டு காப்பி," என்றார் செயலாளர்.

"சட்டை மடிக்கிறவ தட்டாம இருப்பாளா சார்? நீங்க எதுக்குத் தட்டறீங்க?"

"நான் துணிக்கடைல சட்டை விக்கிறவன். பிரிச்சுக் காட்டி, அட்டைய உருவி, ஒரு தட்டுத் தட்டித்தான் வாடிக்கையாளர் கையில குடுப்பேன்."

"அப்ப நான் பாடுபட்டு மடிச்சத எல்லாம் கலைக்கிற ஆள் நீங்கதானா?"

டாக்டர் இருமி நிறுத்தினார். "சரி, இன்னொரு தரம் செய்ங்க."

வெளியே வேனை யார் வழியிலோ நிறுத்திவிட்டு வந்திருந்த கணவருக்குப் பொறுமை போய்விட்டது. அக்கா சீட்டை வைத்துத் தட்டிய கணத்தில் குறுக்கே கை நீட்டி மேல் சீட்டைப் புரட்டினார். இது எங்கள் கலையில் கொலைக்குச் சமம். அக்கா அவர் கையிலேயே ஒன்று போட்டார். ஆனால் புரண்டது வேறு சீட்டு. டாக்டரின் சீட்டு ஏற்கெனவே அடியில் போயிருந்தது.

அடுத்து செயலாளர் வைத்தார், தட்டினார். கணவர் மறுபடி கை நீட்டினார். புரண்டது சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏழு. டாக்டர் கொடுத்த அதே சீட்டு.

"ஏங்க, நான் இன்னும் செய்யவே இல்ல," என்றார் செயலாளர் பரிதாபமாக. "எடுக்கும்போதுதான் செய்வேன். மேல் சீட்டு அப்படியே இருக்கும், அதுக்கு அடுத்து அடில இருக்கறத உருவுவேன்."

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அக்கா வைக்கும்போது ஏமாற்றுகிறார்; செயலாளர் எடுக்கும்போது ஏமாற்றுகிறார். ஒரே சட்டையின் இரண்டு முனையிலிருந்து இருவரும் வந்திருக்கிறார்கள்.

"இத ரெண்டையும் யாராவது நூறு வருஷம் முன்னாடியே செஞ்சிருப்பாங்க," என்றார் டாக்டர். "அந்தப் புண்ணியவான் வந்து கேட்டா அப்ப பாத்துக்கலாம். இப்ப, நீங்க வைங்கம்மா, அவர் எடுக்கட்டும்."

அக்கா தன் முழுத் திறமையையும் காட்டி வைத்தார். செயலாளர் தன் முழுத் திறமையையும் காட்டி எடுத்தார். டாக்டர் வாங்கிப் பார்த்தார். அவர் கொடுத்த அதே ஆட்டின் ஏழு.

"இதுக்கு நானே போதுமே," என்றார் கணவர். "நானும் வெச்சிட்டு எடுப்பேன்."

டாக்டர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். செயலாளர் நாற்காலியிலிருந்து நழுவித் தரைக்கே வந்துவிட்டார். "எத்தன வருஷப் பயிற்சிம்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார், "ரெண்டு பேரும் சேந்து ஒண்ணுமே செய்யல."

மறுநாள் மேடையில் 'அட்டை அக்கா நழுவல்' என்று அறிவித்தவர் செயலாளரேதான். அக்கா செய்தார், நாத்தனாரின் தெரு முழுக்கக் கைதட்டியது. அதன் பிறகு, நிகழ்ச்சி நிரலில் இல்லாதபடி, செயலாளரும் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா வைத்தார், அவர் எடுத்தார், அதே சீட்டு வந்தது. முன்வரிசையில் இருந்த வித்தைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வெளியே வரும் வழியில் நாத்தனார் அக்காவின் முழங்கையைப் பிடித்தார்.

"அண்ணி, மொதல்ல செஞ்சது புரிஞ்சுது. ரெண்டாவதா என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"அதத்தான் கேக்கறேன்."

"ஒண்ணும் நடக்காம பாத்துக்கிட்டோம்ல," என்றார் அக்கா. "அதுதான் கஷ்டம்."